கொண்டல்சாமிக்கு ஒரு முகம்

ஓய்வுபெற்ற ஏட்டு குருவையா வரைந்த முதல் முகம் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, கன்னத்தில் தூரிகை பட்ட மாத்திரத்தில், "அம்மா" என்று அலறியது. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி ராஜாமணி, தெருவில் யாரோ சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று வாசலுக்கு ஓடி, வாசலில் ஒருவரும் இல்லாததால் மாடிக்கு ஏறி வந்து பார்த்தபோது, மனிதர் தூரிகையை ஓங்கிப் பிடித்தபடி நின்றார். கித்தானில் குடம் சுமந்த ஒரு பெண், பாதி வரைந்த வாயோடு அழுதுகொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் நான்கு விரல் தடிப்பு சிவந்து எழும்பியிருந்தது.

"அடிச்சிட்டீங்களா?" என்றாள் ராஜாமணி.

"தொட்டேன், அவ்வளவுதான்."

"தொட்டா இப்படியா வீங்கும்?" என்று கேட்டுவிட்டு, கீரை வாடிவிடும் என்பதால் அவள் கீழே போய்விட்டாள்.

பதினாலு வயதில் குருவையாவுக்கு முகம் வரைவதில் இருந்த கிறுக்கு நாகலாக்குளம் ஊருக்கே தெரியும். பஸ் டிக்கெட்டின் பின்னால் வரைவார், அரிசிச் சாக்கில் கரித்துண்டால் வரைவார், வகுப்பில் முன் பெஞ்சுக்காரனின் வெள்ளைச் சட்டை முதுகில் வரைந்துவிட்டு அதற்காக உதை வாங்கிக்கொண்டும் வரைவார். மலை வேண்டாம், மரம் வேண்டாம், மனித முகம் போதும் அவருக்கு. பிறகு போலீஸ் தேர்வு வந்தது, ஓடினார், கயிறு ஏறினார், எடுத்துக்கொண்டார்கள். காக்கி போட்ட பிறகு முப்பத்தாறு வருடம் அவர் தூரிகையைத் தொடவே இல்லை, அதனால் கை சும்மா இருந்தது என்று அர்த்தமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்த ஸ்டேஷனில், மணல் அடைத்த பிளாஸ்டிக் குழாயை எந்த இடத்தில் இறக்கினால் எலும்பு முறியாமல் வலி மட்டும் நிற்கும் என்று கற்றவர் அவர் ஒருவர்தான். குருவையா கை வைத்தால் அரைமணி நேரத்தில் எவனும் ஒத்துக்கொள்வான் என்று அதிகாரிகள் மெச்சுவார்கள், அவரும் அந்த மெச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டோடு சேர்த்து ருசித்தவர்தான், அதை மறைத்துக் கதை சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மதுரைக்குப் போய் வண்ணமும் கித்தானும் வாங்கி வந்தார். முதலில் குளம் வரைந்தார், கரையில் கொக்கு வரைந்தார், எல்லாம் சத்தமில்லாமல் நின்றன. முகம் வரைந்தால் மட்டும் கத்தியது. அணில் முடித் தூரிகையால் தொட்டுப் பார்த்தார், பஞ்சால் ஒற்றிப் பார்த்தார், கடைசியில் மூச்சை அடக்கிக்கொண்டு சுண்டுவிரல் நுனியால் நெற்றியில் வண்ணம் தடவினார், நெற்றி பிளந்து ரத்தம் வந்தது. கிழவன் முகமானாலும் குழந்தை முகமானாலும் தொட்ட இடமெல்லாம் தடித்தது, தொடத் தொடக் கெஞ்சியது.

"பேசாம கொக்கையே வரைங்க" என்றாள் ராஜாமணி.

"கொக்கு வரையவா முப்பத்தாறு வருசம் காத்துக் கெடந்தேன்?" என்றார் குருவையா. விட முடியவில்லை அவரால். வெறும் கித்தானில் ஒரு மூக்குத்தண்டு மெல்ல எழும்பி வருவதைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் பொங்கி வந்ததே, அது பதினாலு வயதில் பொங்கிய அதே சந்தோஷம்தான், அதை அலறலுக்குப் பயந்து எப்படி விடுவது?

தெருவும் முதலில் கலவரப்பட்டது. எதிர்வீட்டு ரேஷன் கடை கணேசமூர்த்தி நாலு பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஏட்டையா, ரிடையர் ஆன பெறகும் ஆள வீட்டுக்கே வரச்சொல்லி விசாரிக்கிறீகளாக்கும்?" என்று பணிவாகக் கேட்டார். அலறல் கேட்டால் விசாரணை நடக்கிறது என்று நினைப்பதுதானே அந்த ஊர் வழக்கம். மாடிக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டியதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. "படந்தானா, நல்லதாப் போச்சு" என்று காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரத்திலிருந்து தெரு தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டது. பத்து மணி டியூசன் பன்னிரண்டுக்கு மாறியது, மிக்சி ஓட்டுகிறவர்கள் அந்த நேரமாகப் பார்த்து ஓட்டினார்கள், சாப்பிட அடம்பிடித்த பிள்ளைகளை மாடியைக் காட்டி மிரட்டி ஊட்டினார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விளக்கு ஏற்றுகிற நாள் என்று பெண்கள் கேட்டுக்கொண்டதால் வெள்ளிக்கிழமை அவர் கொக்கு வரைந்தார்.

அப்படியே போயிருந்தாலும் போயிருக்கும். கணேசமூர்த்தி மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி காணாமல் போனது. அவர் ஒரு பிறந்தநாள் போட்டோவை எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். கேக் வெட்டும் கூட்டத்துக்குப் பின்னால், டம்ளர் தட்டோடு நின்ற வேலைக்காரி வேலம்மாவின் முகத்தில் விரலை வைத்து, "இவள வரைஞ்சு கேளுங்க ஏட்டையா" என்றார்.

குருவையா தயங்கினார் என்று சொல்லத்தான் ஆசை, ரொம்ப நேரம் தயங்கவில்லை. அவரிடம் வந்து ஒரு முகத்தை வரைந்து கொடுங்கள் என்று கேட்ட முதல் ஆள் கணேசமூர்த்திதான். தெரு முழுக்க முறுக்கும் கடலையுமாக மாடியில் கூடிவிட்டது. பன்னிரண்டாவது தீற்றலில் படத்து வேலம்மா, நான்தான் எடுத்தேன் என்றாள். பதிமூன்றாவதில் விற்றுவிட்டேன் என்றாள், பதினாலாவதில் கொழுந்தனிடம் கொடுத்தேன் என்றாள், பதினைந்தாவதில் நீங்க என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லுதேன் சாமி என்றாள். கூட்டம் கைதட்டிவிட்டு இறங்கிப்போய், நிஜ வேலம்மாவை வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து முடியைப் பிடித்து இழுத்துவந்து தெருவில் போட்டு மிதித்தது. அவள் முன்பல் இரண்டு சாக்கடையில் விழுந்தது. மாடியில் குருவையா கித்தானைப் பார்த்தபடி நின்றார். மூக்கும் முழியும் அச்சு அசலாக வேலம்மா, இத்தனை அழகாக அவர் எதையும் வரைந்ததில்லை. அந்தப் பெருமை ஓர் ஓரத்தில் இருக்கும்போதே தெருவிலிருந்தும் கித்தானிலிருந்தும் ஒரே குரல் அழுவதைக் கேட்டார், உடம்பு கூசியது.

மறு செவ்வாய் உளுந்து டப்பாவின் அடியில் சங்கிலி அகப்பட்டது. திருவிழாவுக்குப் போனபோது கணேசமூர்த்தியின் மனைவிதான் பத்திரமாக அங்கே போட்டிருந்தாள். வேலம்மாவிடம் போய் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் தம்பி போட்டோவோடு ஒருத்தன் வந்தான், புருஷன் போட்டோவோடு ஒருத்தி வந்தாள். பொய்யோ மெய்யோ, ஒரு பயமாவது இருக்குமே என்றார்கள். குருவையா மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

பதினோரு நாள் பூட்டு திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வெளிப்பக்கப் படி வழியாக மாடிக்கே ஏறிப்போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். குருவையா போய் யார் என்று கேட்டார்.

"பொன்னுத்தாயி. மோட்டாருக்குக் காயில் கட்டுவாகள்ல, கொண்டல்சாமி, அவுக பொஞ்சாதி."

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு பண்ணையார் கிணற்றில் பம்ப்செட் மோட்டார் களவு போய், காயில் கட்டுகிற கொண்டல்சாமியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் கொண்டல்சாமி செத்துப்போனான். பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடி என்று எழுதினார்கள், மேலே இருந்து வந்து விசாரித்தார்கள், சரி என்று மூடிவிட்டார்கள். மோட்டார் பிறகு பண்ணையாரின் மச்சான் தோட்டத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"எம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்" என்றாள் பொன்னுத்தாய். "ஆவணி ஒம்பது. தாலி கட்டு முன்னால அப்பன் படத்துக்குப் பொட்டு வச்சு விழுந்து கும்பிடணும், படம் இல்ல. வோட்டர் அட்டை அவுக சட்டப் பையில இருந்துச்சு, சட்டை ஸ்டேஷன்ல இருந்து திரும்பி வரல. ரேஷன் கார்டுல ஒட்டுனது மழையில ஊறிப் போச்சு. அவளுக்கு அப்ப நாலு வயசு, மொகமே தெரியாது. எனக்கே இப்பல்லாம் கனவுல அவுக முதுகுதான் தெரியுது. மூணு நாள் அந்த மொகத்தையே பார்த்துக்கிட்டு இருந்த ஆளு நீங்கதான். அதான் வந்தேன்."

"கத்துவாரும்மா" என்றார் குருவையா. அவர் வாயில் அந்த ஆளுக்கு 'ஆர்' வந்தது அன்றுதான் முதல் தடவை.

"கத்தட்டும். அன்னைக்கும் கத்துனாக. பஸ் ஸ்டாண்டுல நாப்பது பேரு டீ குடிச்சிக்கிட்டுத்தான இருந்தாக? டீக்கடைக்காரரு ரேடியோவக் கூட்டி வச்சாரு. ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருந்த எனக்குப் பாட்டுத்தான் கேட்டுச்சு. இப்பவாவது அவுக கொரல நேராக் கேக்கேன்."

அவர் கதவைத் திறந்தார்.

குருவையாவுக்கு ஒரு நப்பாசை இருந்தது. கொண்டல்சாமி ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது சிரித்துக்கொண்டு வந்தான். அதற்கு முந்தின மாதம்தான் ஸ்டேஷன் மின்விசிறிக்குச் சும்மாவே காயில் கட்டிக் கொடுத்திருந்தான், அந்தப் பழக்கத்தில் "வணக்கம் சார்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவர் பார்த்தது அரை நிமிடம், பேர் எழுதுகிற நேரம். அதற்குப் பிறகு முதல் அறை விழுந்துவிட்டது. அந்த அரை நிமிட முகத்தை மட்டும் பிடித்துவிட்டால் கத்தாது, தடிக்காது, ஒரு பெண் தன் அப்பன் சிரிப்பைப் பார்த்துக் கும்பிட்டுக் கல்யாணம் செய்துகொள்வாள், தன் கையும் அன்றோடு தன்னை மன்னித்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார்.

முதல் தீற்றலிலேயே அந்தக் கணக்கு பொய்த்தது. "சார், நான் எடுக்கல சார்" என்று கொண்டல்சாமியின் குரல் கித்தானைக் கிழிப்பது போல வந்தது. இடது காதை வரைந்தபோது காது கிழிந்தது, அது குழாய் இறங்கிய இடம். புருவத்தை வரைந்தபோது புருவம் பிளந்தது, அது மேசை விளிம்பு. எந்தத் தீற்றல் எந்த அடி என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கைக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது. தண்ணி தண்ணி என்று கேட்டான் கொண்டல்சாமி. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து சார், அதுக்குள்ள விட்டுருங்க சார் என்றான். பொன்னுத்தாய் பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் கையை வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெரு அன்று மிக்சி போட்டது, டிவியைக் கூட்டியது, கணேசமூர்த்தி வீட்டில் கதவையும் சன்னலையும் சாத்தினார்கள். இந்தக் குரலைப் பத்தொன்பது வருடத்துக்கு முன்னாலேயே கேட்டவர்கள் அந்தத் தெருவிலும் இருந்தார்கள், அதனால் முறுக்கோடு ஒருவரும் மாடிக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் குருவையா தூரிகையை ஒடித்துப் போட்டார். "என்னால முடியலம்மா" என்று சுவரோரம் குந்தி உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நிறுத்துனீகளா?" என்றாள் பொன்னுத்தாய். "மூக்கு இன்னும் வரல. வரைங்க."

வேறு தூரிகை எடுத்தார். மூன்றாம் நாள் வீங்கிய கண்ணை மறைக்கப் பார்த்தார். தோல் நிறத்தைக் குழைத்து வீக்கத்தின் மேல் பூசினார், பூசிய இடம் இன்னும் வீங்கியது. மறுபடி பூசினார், கண் முழுக்க மூடிக்கொண்டது. பூசப் பூச அந்த முகம் அலறிய அலறலில் அவருக்கே காது அடைத்தது. பொன்னுத்தாய் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "மறைக்காதீக. மறைச்சதெல்லாம் போதும்" என்றாள்.

அன்று சாயங்காலம் கீழே இறங்கியவருக்கு ராஜாமணி தட்டு வைக்கவில்லை. மூன்று நாளாக அவளும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "உங்க சட்டையில இருந்தது என்னன்னு கேட்டப்பல்லாம் வெத்தலக் கறைன்னு சொன்னீங்க" என்றாள். "நானும் துவைச்சிட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள், அவர் பக்கத்தில் போனபோது நகர்ந்து உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் முகம் முடிந்தது. இடது கண் மூடிப் புடைத்து, காது கிழிந்து, உதட்டின் இடப்பாதி பிளந்து கிடந்தது. வலப்பாதியில் மட்டும், எங்கிருந்து வந்ததோ, அந்த வணக்கம் சார் சிரிப்பு இருந்தது. பொன்னுத்தாய் வெகுநேரம் பார்த்தாள். "அவுகதான்" என்றாள். "பல்லுல அந்தச் சந்து கூட இருக்கு. மறந்தே போயிருந்தேன்." பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். குருவையா இன்னொரு கித்தானில், அடிபடாத முகமாக, ஒரு தடவை முயற்சி பண்ணட்டுமா என்று கேட்டார். இன்னொரு தடவை அவுகள அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். படத்தை அவரே மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றாள்.

ஆவணி ஒன்பதில் ஊரே மண்டபத்துக்கு வந்திருந்தது. மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் பட்டுத்துண்டு விரித்து, மாலை போட்டு, அந்த முகத்தை வைத்திருந்தார்கள். மொய்க் கவரும் பரிசுப் பெட்டியுமாக வந்தவர்கள் அதற்கு முன்னால் வந்ததும் செருப்பில் கல் ஏறியவர்கள் போலக் குனிந்து நடந்தார்கள். மணப்பெண் செண்பகம் மட்டும் அதை நிமிர்ந்து பார்த்தாள். பத்தொன்பது வருடமாக இல்லாத அப்பன் முகத்தை, வீங்கின கண்ணோடும் கிழிந்த காதோடும், ஓர் அங்குலம் விடாமல் பார்த்தாள். ஐயர் சொன்னதும் சந்தனத்தில் விரலைத் தோய்த்து, படத்தின் நெற்றியில் வைத்தாள்.

"சார், அடிக்காதீங்க சார்" என்று அலறியது படம்.

"அபசகுனமா ஒண்ணும் காதுல விழப்படாது" என்று முன்வரிசையிலிருந்து கணேசமூர்த்தி எழுந்து விரலை ஆட்டினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்." தாலி கட்டுகிற நேரத்துக்கு இன்னும் கால்மணி இருந்தது. ஆனால் விரல் ஆடினால் கொட்டுவதுதான் மேளக்காரர் தொழில், இரண்டு தவிலும் இடித்துக்கொண்டு எழும்பின. சனம் அட்சதையை எறிந்தது. சத்தத்துக்குள் செண்பகம் விரலை எடுக்கவும் தெரியாமல் வைக்கவும் தெரியாமல் நிற்க, படத்தின் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை.

தூண் ஓரமாக நின்ற குருவையா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தவில்காரரின் கழியைப் பிடித்துப் பிடுங்கினார். மற்றவர் தானாக நிறுத்தினார். நாயனம் ஒரு இழுப்போடு அடங்கியது, முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் கொண்டல்சாமியின் குரல் மட்டும் நின்றது. தண்ணி கேட்டது, காதுகுத்தைச் சொன்னது, எடுக்கல எடுக்கல என்றது. குழந்தைகள் வீரிட்டன. யாரும் காதைப் பொத்தவும் துணியவில்லை.

"வழுக்கி விழுந்தவன் படம், என்னத்தையோ ஒளறுது" என்றார் கணேசமூர்த்தி. "எழுத்துலயே இருக்குல்ல. பாத்ரூம் படமே வரைஞ்சு விசாரணையில குடுத்தாகள்ல, தண்ணி கெடந்த எடம் வரைக்கும்."

"அந்தப் படம் நான் வரைஞ்சது" என்றார் குருவையா.

அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "மாதிரி வரைபடம்னு கேட்டாங்க. நான்தான் அளந்து, கோடு போட்டு, கால் எங்க வழுக்குச்சு, தலை எங்க பட்டுச்சுன்னு புள்ளி வச்சு வரைஞ்சேன். கை அழகுய்யா உனக்குன்னு இன்ஸ்பெக்டர் தட்டிக் குடுத்தாரு. அன்னைக்கு பாத்ரூம் தரை காஞ்சுதான் கெடந்துச்சு. தண்ணிய நான் வரைஞ்சேன்."

செண்பகம் அவரைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு சந்தனக் கிண்ணத்தில் மறுபடி விரலைத் தோய்த்து அப்பாவின் நெற்றியில் வைத்தாள். சத்தம் ஒன்றும் வரவில்லை. கீழே குங்குமத்தையும் வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள். வீக்கம் வற்றவில்லை, காயம் ஆறவில்லை, அலறல் மட்டும் நின்றிருந்தது.

பொன்னுத்தாய் மேடையிலிருந்து இறங்கி வந்து குருவையாவுக்கு முன்னால் நின்றாள். சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், சாம்பார் வாசம் வந்தது. கல்யாணத்துக்கு வந்த பகையாளியையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிற ஊர் அது.

"நீங்க சாப்பிட வேண்டாம்" என்றாள் பொன்னுத்தாய். "ஸ்டேஷனுக்குப் போங்க. இங்க சொன்னத அங்க எழுதிக் குடுங்க." பிறகு மேளக்காரர்களைப் பார்த்து, "நேரமாச்சுய்யா, ஆரம்பிங்க" என்றாள்.

குருவையா தவில் கழியைத் திருப்பிக் கொடுத்தார். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் கடந்துபோகும்போது இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வாசலில் முந்நூறு ஜோடிச் செருப்புக்கு நடுவே தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.